நாலு நிமிஷம் இருபது செகண்டு

சென்னகிருஷ்ணனுக்கு மூன்று மொழி தண்ணீர் பட்ட பாடு. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ். பாகலூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள் என்பதால் அவன் அதைப் பெருமையாக நினைத்ததில்லை. நாலாவதாக ஒரு மொழி இருந்தது. அவனுடைய பிழைப்பு ஓடியது அதில்தான். அதுதான் அவனுக்குச் சரியாக வராது.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, டெலிபோன் கேபிள் இழுக்கிற காண்ட்ராக்டரிடம் ஆறு வருஷம் பள்ளம் தோண்டிக் கிடந்தவன் அவன். ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு ரப்பர் சாமான் செய்கிற ஒரு கம்பெனி, டெலிபோன் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அவனை எடுத்தது. டெலிபோன் பார்க்கப் போனவன் கம்ப்யூட்டர் ஒயரையும் பார்த்தான். ஒயரைப் பார்த்தவனை ஸ்விட்சையும் ரவுட்டரையும் பார்க்கச் சொன்னார்கள். ஸ்விட்ச் என்றால் விளக்குப் போடுகிற சுவிட்ச் அல்ல. ஒரு ஷெட்டில் இருக்கிற எல்லா ஒயரும் வந்து சேருகிற பெட்டி. அந்தப் பெட்டிகளை ஒன்றோடொன்று சேர்க்கிற தலைப்பெட்டிதான் ரவுட்டர். இப்படி எழுத்தில் ஒரு உத்தரவும் இல்லாமல், ஒரு பயிற்சியும் இல்லாமல், 2008-ஆம் வருஷத்துக்குள் சென்னகிருஷ்ணன் அந்தத் தொழிற்சாலையின் நெட்வொர்க் ஆள் ஆகியிருந்தான்.

கற்றுக்கொண்டது எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான். பெங்களூர் ஆபீஸ் ஆட்கள் வந்து தட்டும்போது பின்னால் நின்று, திரையில் வருவதை எழுத்துக்கு எழுத்து ஒரு டைரியில் வரைந்துகொள்வான். பக்கத்தில் தமிழில் அர்த்தம் எழுதி வைப்பான். இது போட்டால் இது வரும், இது வந்தால் இது கெட்டுப்போயிருக்கிறது. வேலை சுத்தம். அவன் போட்ட கேபிளில் ஒரு முனை கழன்றதில்லை. ஆனால் ஒரு கூட்டத்தில் நாலு பேர் இங்கிலீஷில் பேசிக்கொண்டால் அவன் தலையை ஆட்டுவான். புரிந்தாலும் ஆட்டுவான், புரியாவிட்டாலும் ஆட்டுவான். புரியவில்லை என்று மட்டும் சொல்லமாட்டான். கேபிள் பள்ளத்தில் இருந்து ஏ.சி. அறைக்கு வந்தவன் திரும்பப் பள்ளத்துக்கு அனுப்பப்பட்டு விடுவோமோ என்று ஒரு பயம் அவனுக்குள் எப்போதும் இருந்தது.

அந்தக் கம்பெனியில் மூன்று ஷெட். முதல் இரண்டும் பழையது. மூன்றாவது புதிதாகக் கட்டியது. அதில்தான் பெரிய பிரஸ்கள். ரப்பரை அச்சுக்குள் வைத்து அழுத்தி வேகவைக்கிற மெஷின்கள். சீற்றமும் இரைச்சலும் எந்நேரமும் காதை அடைக்கும். வெளியே சங்கு ஊதினால் உள்ளே கேட்காது. அதனால் ஷெட்டுக்குள்ளேயே ஸ்பீக்கர்கள் மாட்டியிருந்தார்கள், மூன்றாவது ஷெட்டில் மட்டும் பன்னிரண்டு. ஆபத்து என்றால் ஆபீஸில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், பதிவு செய்த குரல் நெட்வொர்க் ஒயர் வழியாகவே எல்லா ஷெட்டுக்கும் போகும். வாரா வாரம் திங்கட்கிழமை சென்னகிருஷ்ணன் அவற்றைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவான். ஸ்பீக்கர் விற்றவர்கள் ஒரு சோதனைத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கரண்டை நிறுத்து, திரும்பப் போடு, பச்சை விளக்கு வந்ததும் குரலை ஓட்டிப் பார். அவன் அதைத் தவறாமல் செய்தான். வாரா வாரம் பன்னிரண்டும் பேசின.

அந்த வருஷம் ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தீ ஒத்திகை நடந்தது. பெங்களூர் தலைமை ஆபீஸிலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்திருந்தார்கள். சேஃப்டி ஆபீசர் ரத்தினவேல் கையில் கடிகாரத்தோடு கேட் பக்கம் நின்றார். மதுரைப் பக்கத்துக்காரர், நேர்மையான மனுஷர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பட்டனைத் தட்டினார்கள். முதல் ஷெட் ஆட்கள் இரண்டரை நிமிஷத்தில் வெளியே வந்து வரிசையில் நின்றார்கள். இரண்டாவது ஷெட் மூன்று நிமிஷத்தில் வந்தது. மூன்றாவது ஷெட்டிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. ஐந்து நிமிஷம் ஆனது, எட்டு நிமிஷம் ஆனது. ஆடிக் காற்று வேலியோரத்துப் புழுதியை வாரி எல்லோர் முகத்திலும் அடித்தது. வந்திருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ரத்தினவேல் பொறுக்கமாட்டாமல் உள்ளே ஓடினார். ஐம்பத்தோரு பேரும் ஒன்றுமே நடக்காதது போல வேலை செய்துகொண்டிருந்தார்கள். முதல் பிரஸ்ஸில் லைன் லீடர் மாதம்மாள் அச்சிலிருந்து வெந்த சாமானை நெம்பி எடுத்துக்கொண்டிருந்தாள். பேரிகைக்காரி, காண்ட்ராக்டில் ஐந்து வருஷமாக இருப்பவள். அவர் ஓடி வருவதைப் பார்த்து நிமிர்ந்து, "என்ன சார்?" என்றாள்.

அந்த 'என்ன சார்' தான் அவருக்கு ஆகவில்லை.

மத்தியானம் சென்னகிருஷ்ணனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரைப் பார்க்கச் சொன்னார். அவன் தாளில் உள்ளபடி கரண்டை நிறுத்தினான், போட்டான், பச்சை விளக்கு வந்ததும் குரலை ஓட்டினான். பன்னிரண்டும் கணீரென்று பேசின. பிரஸ்ஸில் நின்ற பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். 'பன்னிரண்டு ஸ்பீக்கரும் நல்ல நிலையில் உள்ளன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

ரத்தினவேல் அதை வாங்கிப் படித்துவிட்டு, "அப்ப காது கேக்காம இல்லப்பா, காதுல வாங்காம இருந்திருக்காய்ங்க. உற்பத்தி எண்ணிக்கை கொறஞ்சிடும்னு மெஷினை நிறுத்தல" என்றார்.

மறுநாள் மாதம்மாளுக்கு மெமோ வந்தது. ஆபத்து அறிவிப்பை வேண்டுமென்றே மதிக்கவில்லை, தன் கீழ் உள்ளவர்களையும் வெளியே அனுப்பவில்லை. மெமோவோடு சேர்த்து, சென்னகிருஷ்ணன் எழுதிக் கொடுத்த தாளின் நகலையும் இணைத்திருந்தார்கள். அந்த மாதம் காண்ட்ராக்ட் ஆட்களில் எட்டுப் பேரைப் பர்மனென்ட் ஆக்குவதாக ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்ததும், அதில் மாதம்மாள் பெயர் மூன்றாவதாக இருந்ததும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

சனிக்கிழமை காலை அவள் அவனுடைய அறை வாசலில் வந்து நின்றாள். நெட்வொர்க் பெட்டிகள் இருக்கிற அறை, எந்நேரமும் குளிர். அவள் உள்ளே வரவில்லை.

"அண்ணா, ஒரு பேச்சு. நீங்கதான் ஸ்பீக்கர் நல்லா இருக்குதுன்னு எழுதிக் குடுத்தீங்களாமே?"

"ஆமாம்மா. நீயும் அங்கதானே நின்ன, கேட்டுச்சு இல்ல?"

"மத்தியானம் கேட்டுச்சு. காத்தால கேக்கல. ரெண்டும் நெசந்தான்."

"ரெண்டும் எப்படிம்மா நெசமா இருக்கும்? கெட்டுப்போனது தானா நல்லா ஆவுமா?"

"அது உங்க வேலண்ணா. என் வேல சொன்னா கேக்கறது. காத்தால யாரும் எதுவும் சொல்லல. நான் ஒருத்தி பொய் சொல்லலாம், அம்பத்தோரு பேருமா செவுடு?"

சண்டை போடுகிற குரல் இல்லை. ஷிப்ட் கணக்கை ஒப்பிப்பது போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவனுக்கு அதுதான் குத்தியது. கத்தியிருந்தால் பதிலுக்கு இவனும் கத்தி, மறந்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் பேச்சு அவனைச் சுற்றிச் சுற்றி வந்தது. காலையில் கேட்கவில்லை, மத்தியானம் கேட்டது. நடுவில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தது, லாரி வந்தது, இவன் வந்தான். இவன் வந்து கரண்டை நிறுத்திப் போட்டான். மனைவி ஜெயப்ரியா தோசை ஊற்றிக்கொண்டே எதையோ கேட்டாள். இவன் காதில் விழவில்லை. அவள் தட்டை ஓசைப்பட வைத்த பிறகுதான் நிமிர்ந்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை திங்கட்கிழமைகளில் ஒரு தடவைகூட அவன் கரண்டை நிறுத்தாமல் சோதித்துப் பார்த்ததில்லை. நோயாளியைத் தட்டி எழுப்பி உட்காரவைத்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறார் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறான்.

திங்கட்கிழமை காலை எதையும் தொடவில்லை. ஆபீஸில் 'சோதனை, சோதனை' என்று ஓயாமல் திரும்பத் திரும்ப ஓடும்படி குரலைப் போட்டுவிட்டு மூன்றாவது ஷெட்டுக்கு நடந்தான். வழியில் முதல் ஷெட்டில் குரல் கேட்டது. இரண்டாவதிலும் கேட்டது. மூன்றாவதில் பிரஸ்ஸின் சீற்றம் மட்டும்தான். பன்னிரண்டு ஸ்பீக்கரும் பச்சை விளக்கோடு ஊமையாகத் தொங்கின.

 ஒத்திகையாக இல்லாமல் நிஜமாகவே நெருப்பாக இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அவன் முழுசாக நினைக்கவில்லை.

கரண்டை நிறுத்திப் போட்டான். 'சோதனை, சோதனை' என்று பன்னிரண்டும் கத்தின. பெண்கள் சிரித்தார்கள். அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். சோதனை, சோதனை, சோத... என்று பாதிச் சொல்லில் ஒரு ஸ்பீக்கர் நின்றது. அடுத்தடுத்து எல்லாம் நின்றன. இன்னும் இரண்டு தடவை நிறுத்திப் போட்டான். திரும்பப் பேசின, திரும்ப நின்றன. ஸ்பீக்கரில் கோளாறா, ஒயரிலா, கரண்டிலா என்று அவன் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, மாதம்மாள் பிரஸ் பக்கத்திலிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டு, அவன் காதருகே சொன்னாள்.

"அண்ணா, மூணு தடவையும் ஒரே மாதிரி நிக்குது. நீங்க போட்டதும் நான் அச்சை மூடறேன். ஒரு ஈடு வெந்து முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நின்னுடுது. ஒரு தடவகூட மாறல."

இட்லிக்குச் சொல்கிற மாதிரிதான் அங்கே பெண்கள் ரப்பருக்கும் 'ஈடு' என்பார்கள். ஒரு ஈடு வேக நாலரை நிமிஷம். நாளுக்கு நூறு தடவை அந்த நாலரை நிமிஷத்தை உடம்பாலேயே அளந்து பழகியவள் அவள். சென்னகிருஷ்ணன் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி போட்டான். நாலு நிமிஷம் இருபது செகண்டு. இன்னொரு தடவை போட்டான். அதே நாலு இருபது.

ஒயர் கெட்டால் மணி பார்த்துக் கெடாது. எலிக்கும் ஈரத்துக்கும் கடிகாரம் தெரியாது. யாரோ, எதுவோ, எண்ணிக்கொண்டிருந்து நிறுத்துகிறது. லேப்டாப்பைக் கொண்டுவந்து அந்த ஷெட்டின் ஸ்விட்சில் செருகினான். டைரியில் தேடி, எந்தக் குரலை எந்த ஒயருக்கு அனுப்புவது என்று ஸ்விட்ச் வைத்திருக்கிற குரூப் பட்டியலைக் காட்டுகிற வரியைக் கண்டுபிடித்துத் தட்டினான். ஸ்பீக்கர்களைத் திரும்பப் போட்டபோது, ஸ்பீக்கர் ஒயர்கள் செருகியிருந்த பன்னிரண்டு வாய்களும் ஒரு குரூப் எண்ணுக்கு எதிரே வரிசையாக வந்து நின்றன. திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருந்தான். நாலு இருபது ஆனதும் பட்டியல் வெறுமையாகிவிட்டது.

 ஸ்பீக்கர் சாகவில்லை. பட்டியலிலிருந்து பெயர்தான் அடிக்கப்பட்டிருக்கிறது.

பெங்களூர் நெட்வொர்க் டீமில் சுப்ரியா என்று ஒரு இன்ஜினீயர் இருந்தாள். சேலத்துப் பெண், வயது இருபத்தைந்து இருக்கும். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலையின் பழைய ரவுட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டியது அவள் டீம்தான். சென்னகிருஷ்ணன் போன் போட்டான். முதலில் கேபிளைப் பாருங்கள் என்றுதான் அவளும் ஆரம்பித்தாள். நாலு நிமிஷம் இருபது செகண்டு என்று அவன் சொன்னதும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"சரியா நாலு இருபதா சார்? எரநூத்தி அறுபது செகண்டா?"

"அஞ்சு தடவை பாத்துட்டன் மேடம்."

"அப்ப ஒயர் இல்ல சார், இது குரூப் மெம்பர்ஷிப். சொல்றேன் கேளுங்க. உங்க ஸ்பீக்கர் ஆன் ஆனதும் ஒரு தடவை, நானும் இந்த குரூப்ல இருக்கேன்னு சொல்லும். ஸ்விட்ச் அதைக் குறிச்சுக்கிட்டு, அந்த வாய்க்கு மட்டும் குரலை அனுப்பும். ஆனா ஒரு தடவை சொன்னதோட ஸ்பீக்கர் சும்மா இருந்துடும். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ரவுட்டர்தான் கேக்கணும், யாரெல்லாம் இன்னும் இருக்கீங்கன்னு. கேட்டாத்தான் பதில் சொல்லும். கேக்கவே இல்லைன்னா, எரநூத்தி அறுபது செகண்டு பாத்துட்டு, ஆள் போயிட்டான்னு ஸ்விட்ச் பேரை எடுத்துடும்."

"அப்ப மத்த ரெண்டு ஷெட்டுல?"

"அங்க பழைய ஸ்விட்ச் சார். அதுக்கு குரூப்பும் தெரியாது ஒண்ணும் தெரியாது, வந்ததை எல்லா வாய்க்கும் கொட்டிடும். உங்க மூணாவது ஷெட்டுலதான் வெவரமான ஸ்விட்ச். அது கணக்குப் பாக்குது."

"கேக்க வேண்டியது யாரு மேடம்? நம்ம ரவுட்டரா?"

"ஆமா சார். பழைய ரவுட்டர் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. புதுசுல..." கீபோர்டு சத்தம் கேட்டது. "புதுசுல மல்டிகாஸ்டே ஆன் பண்ணல. ஏன்னு பாக்கறேன் இருங்க. மாத்தறதுக்கு முன்னாடி உங்க ஊர்லேர்ந்து ஒரு ஷீட் வாங்கியிருக்கோம். பதினாலாவது வரி, மல்டிகாஸ்ட் உபயோகத்தில் இருக்கிறதா. இல்லைன்னு போட்டிருக்கு சார்."

 சென்னகிருஷ்ணனுக்கு அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்துவிட்டது. மே மாதக் கடைசி. முப்பது வரி கொண்ட ஒரு தாள் மெயிலில் வந்தது, மாலைக்குள் நிரப்பி அனுப்பவேண்டும் என்று. பாதி வரிகள் தெரிந்தவை. பாதி, இங்கிலீஷில் அவன் அதுவரை கேள்விப்படாத சொற்கள். பக்கத்து அறையில் கேட்டிருக்கலாம். இதே சுப்ரியாவுக்கே போன் போட்டிருக்கலாம். 'எட்டு வருஷமா இருக்கான், இதுகூடத் தெரியல' என்று யாராவது நினைத்துவிட்டால்? தெரியாத வரிகளுக்கு எல்லாம் 'இல்லை' என்று போட்டு, ஐந்தரை மணிக்கு அனுப்பிவிட்டு பஸ் ஏறியிருந்தான். மல்டிகாஸ்ட் என்பது தன் ஷெட்டில் தொங்குகிற ஸ்பீக்கரைப் பற்றிய பேச்சு என்று அவனுக்குத் தெரியாது. ஒரே குரலைப் பல காதுகளுக்கு ஒருசேர அனுப்புவதற்கு அப்படி ஒரு பெயர் இருக்கும் என்று யார் கண்டார்கள்?

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றாள் சுப்ரியா. தாளின் அடியில் இருந்த பெயரை அவளும் பார்த்திருக்கவேண்டும். குரல் இறங்கிவிட்டது. "இதெல்லாம் சகஜம் சார். இப்பவே அந்த வரியைச் சேத்துடறேன். ரிப்போர்ட்ல ரவுட்டர் மாத்தும்போது ஒரு செட்டிங் விட்டுப்போச்சுன்னு மட்டும் போடறேன். யார் பேரும் வேணாம்."

அவள் சேர்த்தாள். சென்னகிருஷ்ணன் ஷெட்டுக்குப் போய் 'சோதனை'யை ஓடவிட்டான். நாலு நிமிஷம் ஆனது. நாலு பத்து, நாலு இருபது, நாலு முப்பது. குரல் ஓடிக்கொண்டே இருந்தது. மாதம்மாள் ஒரு ஈட்டை எடுத்து அடுத்த ஈட்டை வைத்தாள், அதையும் எடுத்தாள். அரை மணி நேரம் கழித்து, "போதும்ண்ணா, தலை வலிக்குது" என்று நாலைந்து பேர் சேர்ந்து சொன்ன பிறகுதான் நிறுத்தினான். மாதம்மாள் அவனைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் அங்கேயே சொல்லியிருப்பான்.

அன்று சாயங்காலம் சுப்ரியாவின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ரத்தினவேலிடம் போனான். அவர் படித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"கோளாறு சரியாயிருச்சுல்ல, ரொம்ப சந்தோஷம்ப்பா."

"மாதம்மாளோட மெமோ சார்?"

"அதுதான் சிக்கல். தலைமை ஆபீஸுக்குப் போயிருச்சு. வந்திருந்த ரெண்டு பேரும் கண்ணால பாத்துட்டுப் போயிருக்காய்ங்க. ரவுட்டர்ல ஒரு செட்டிங் விட்டுப்போச்சுன்னு இந்த ஒத்த வரியைக் காட்டுனா, மெஷின் மேல பழியப் போட்டு ஆளைக் காப்பாத்துறோம்னுதான் சொல்லுவாய்ங்க. போதாததுக்கு உன் தாள் வேற இருக்கு, எல்லாம் நல்லா இருக்குன்னு. என்ன நடந்துச்சு, எப்ப நடந்துச்சு, யாரால நடந்துச்சுன்னு வெவரமா எழுத்துல வேணும். அப்பத்தான் வாபஸ் வாங்க முடியும்."

சென்னகிருஷ்ணன் நின்றுகொண்டே இருந்தான். வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அதை விட்டால் பாகலூருக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். பெண்ணின் ஸ்கூல் அட்மிஷன், ஜெயப்ரியாவின் முகம், கேபிள் பள்ளம் எல்லாம் அவன் கண்முன் வந்துபோயின. ஒரு வரி போதும், யார் பெயரும் வேண்டாம் என்று அந்தச் சேலத்துப் பெண் சொன்னதும் காதில் இருந்தது. பஸ் போய்விட்டது.

"நான் எழுதிக் குடுக்கறன் சார்" என்றான்.

அங்கேயே உட்கார்ந்து ஒரு முழுப் பக்கம் எழுதினான். தாள் வந்த தேதி, பதினாலாவது வரி, ரவுட்டர் மாற்றிய தேதி, திங்கட்கிழமைச் சோதனையில் கரண்டை நிறுத்திப் போட்டதால் கோளாறு மறைந்தது, ஒத்திகையன்று மூன்றாவது ஷெட்டில் எந்தக் குரலும் வந்திருக்க வழியில்லை என்பது, மத்தியானம் தான் எழுதிக் கொடுத்தது தவறு என்பது. ரத்தினவேல் வாங்கிப் பார்த்தார்.

"தமிழ்ல எழுதியிருக்கியேப்பா. தலைமை ஆபீஸுக்கு இங்கிலீஷ்ல வேணுமே."

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது சார்." சொன்ன பிறகு, சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. "அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியல. கேக்க வெக்கமா இருந்துச்சு. அதனாலதான் இல்லைன்னு போட்டன். அதையும் எழுதிக்குங்க."

 ரத்தினவேல் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "உக்காரு. நீ சொல்லு, நான் அடிக்கிறேன். அந்தக் கடைசி வரி வேணாம்."

"வேணும் சார்."

"கிறுக்கா உனக்கு? வேலைக்கு ஆபத்துப்பா."

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதினன்னு போடுங்க. அதுவாவது இருக்கட்டும்."

அப்படித்தான் போனது. பத்து நாளில் மாதம்மாளின் மெமோவை வாபஸ் வாங்கிக்கொண்டதாகக் கடிதம் வந்தது. ரத்தினவேல் ஷிப்ட் தொடங்கும்போது மூன்றாவது ஷெட்டுக்கே போய், ஐம்பத்தோரு பேர் முன்னால் அதைச் சத்தம் போட்டுப் படித்தார். பிரஸ்களை அந்த இரண்டு நிமிஷம் நிறுத்தி வைக்கச் சொன்னது அவர்தான். 'நான் அவசரப்பட்டுட்டேன்மா' என்றும் ஒரு வார்த்தை சொன்னார். சென்னகிருஷ்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அந்த வருஷச் சம்பள உயர்வு இல்லை என்று. வேலை போகவில்லை. ஜெயப்ரியா கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "இதுக்குத்தான் ரெண்டு வாரமா சோறு எறங்காம இருந்தியா? எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று தெலுங்கில் கேட்டாள். கோபம் கடிதத்தின் மேலா, தன்மேலா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆனால் பட்டியல் அதற்குள் போய்விட்டிருந்தது. மெமோ வந்த அன்றே மாதம்மாள் பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெயரைச் சேர்த்திருந்தார்கள். எட்டுப் பேருக்கும் ஆர்டர் கொடுத்தாயிற்று, அதை மாற்றமுடியாது. அடுத்த பட்டியலில் முதல் பெயர் உன்னுடையதுதான் என்றார்கள் அவளிடம்.

அடுத்த பட்டியல் வரவேயில்லை. அந்த வருஷம் தீபாவளி முடிந்த கையோடு வண்டிக் கம்பெனிகள் ஆர்டரைக் குறைத்தன. சிப்காட் முழுக்க அதே பேச்சாக இருந்தது. எங்கோ அமெரிக்காவில் பேங்க் விழுந்ததற்கு ஓசூரில் ஏன் பிரஸ் நிற்கவேண்டும் என்று டீக்கடைகளில் கேட்டுக்கொண்டார்கள். மூன்று ஷிப்ட் இரண்டானது, இரண்டு ஒன்றானது. டிசம்பரில் காண்ட்ராக்ட் ஆட்கள் அத்தனை பேரையும் நிறுத்தினார்கள். பர்மனென்ட் ஆட்களில் ஒருத்தரைக்கூடத் தொடவில்லை. மாதம்மாள் போனபோது சென்னகிருஷ்ணன் பார்க்கவில்லை. ஆட்கள் சாமான் வைக்கிற பாக்ஸ் அறையில் அவள் வைத்திருந்த செருப்பையும் டிபன் கேரியரையும் எடுத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸிலேயே போய்விட்டாளாம்.

உண்மையைச் சொல்லியும் என்ன ஆயிற்று என்று அவன் பலநாள் யோசித்தான். சொல்லியிருக்காவிட்டால் மெமோவோடு போயிருப்பாள், சொன்னதால் மெமோ இல்லாமல் போனாள். அந்த வித்தியாசம் பெரிதா சிறிதா என்று அவனால் நிறுக்கமுடியவில்லை. மே மாதத்து அந்த வெள்ளிக்கிழமை ஒரு போன் போட்டிருந்தால் என்று மட்டும் தோன்றும். அதற்குமேல் யோசனை நகராது.

அடுத்த வருஷம் புரட்டாசியில் ஆர்டர்கள் திரும்ப வந்தன. பழைய ஆட்களைக் கூப்பிடுங்கள் என்று உத்தரவு. பேரிகையில் மாமனார் வழியில் ஒரு கிரகப்பிரவேசம். அதற்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை சென்னகிருஷ்ணன் விசாரித்துக்கொண்டு போனான். ஊருக்கு வெளியே ஒரு ரோஜாத் தோட்டத்தில் மாதம்மாள் வேலை செய்வதாகச் சொன்னார்கள். பிளாஸ்டிக் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு குளிர்ந்த அறையில், நீளம் பார்த்துப் பூக்களைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். விரல்களில் முள் கிழித்த கோடுகள்.

"வாங்கண்ணா. வீட்ல அக்கா, புள்ளைங்க நல்லா இருக்குதா?"

"இருக்காங்கம்மா. கம்பெனியில திரும்ப எடுக்கறாங்க. ரத்தினவேல் சாரே உன் பேரைச் சொன்னாரு. கூட்டிட்டு வான்னாரு."

"பர்மனென்ட்டா?"

"வந்ததும் ஆறு மாசத்துல பண்ணிடலாம்னு சொல்றாரு."

அவள் சிரித்தாள். "அந்த ஆறு மாசம் அஞ்சு வருஷமா எனக்குத் தெரியும்ண்ணா. தாளுல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, வர்றன். வாயால சொன்னா வேணாம். இங்க சம்பளம் கம்மிதான். ஆனா பக்கத்துல நிக்கறவ பேசுனா காது கேக்குது."

சென்னகிருஷ்ணன் தலையை ஆட்டினான். பிறகு, வந்ததிலிருந்து சொல்ல நினைத்ததைச் சொன்னான்.

"அன்னிக்கு அந்தத் தாளை நான்தாம்மா தப்பா நிரப்பினன். உனக்குத் தெரியுமோ என்னவோ. உங்கிட்ட நேரா ஒரு வார்த்தை சொல்லல."

"ரத்தினவேல் சார் சொன்னாரு." அவள் கூடாரத்தின் பக்கம் பார்த்தாள். "எனக்குக் கோவம் இருந்துச்சுண்ணா. இல்லன்னு சொல்லமாட்டன். இப்பவும் மாசக் கடைசியில வரும். ஆனா எழுதிக் குடுத்தீங்க பாருங்க, அது வேற. எங்க வூட்டுக்காரரே நம்பல. மெஷின் ஓடற ஜோருல நீதான் கேக்காம வுட்டிருப்பன்னாரு. மெமோவ வாபஸ் வாங்குன கடுதாசியக் காட்டுன அப்புறந்தான் வாய மூடுனாரு."

உள்ளே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவள், தண்டு குட்டையாகப் போனதால் கழித்துவிட்ட ரோஜாக்களில் ஒரு கட்டை எடுத்துத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அக்காவுக்கு என்றாள்.

கம்பெனியிலிருந்து தாள் வந்தது. ஆறு மாதம் பயிற்சி, அதன் பிறகு பரிசீலிக்கப்படும் என்று எழுதியிருந்தது. பரிசீலிக்கப்படும் என்ற சொல்லை மாதம்மாள் இரண்டு தடவை படித்துக் காட்டச் சொன்னதாகவும், பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் கொண்டுபோனவன் வந்து சொன்னான். அவள் வரவில்லை. அடுத்த வருஷம் அந்தத் தோட்டத்தில் இருபது பேருக்கு அவள் மேஸ்திரி.

மூன்றாவது ஷெட்டில் முதல் பிரஸ்ஸுக்கு நாகரசம்பட்டியிலிருந்து ஒரு புதுப் பெண் வந்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மேலே தொங்குகிற ஸ்பீக்கரைக் காட்டி, அது எதற்கு என்று சென்னகிருஷ்ணனிடம் கேட்டாள். அவன் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு அவளுக்குச் சொல்லத் தொடங்கினான்.